தூங்கிப் பார்த்த வீடுகள்

முதன்முதலாக அவரைப் பார்த்தபோது செத்துக்கிடக்கிறார் என்றே நினைத்தேன்.

எழுபதுகளின் நடுவில், மரக்காணம் தபால் ஆபீசுக்கு எனக்கு மாற்றலான புதிது. வாடகைக்கு வீடு வேண்டும் என்றதும் எல்லோரும் அந்தத் தரகரைத்தான் சொன்னார்கள். வீட்டைத் திறந்து வைத்திருக்கிறேன், மத்தியானமாக வாருங்கள் என்று அவரும் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் கணவரும் நாலு வயது மகளும் வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தோம். சாமான் ஒன்றும் இல்லாத காலி வீடு. கூடத்தின் நட்ட நடுவில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். தலைக்கு ஒரு செங்கல், மார்பில் கோத்த கைகள், பாதி திறந்த வாய், கடைவாயோரம் ஒரு ஈ. நான் பாப்பாவின் கண்ணைப் பொத்திக்கொண்டேன். கணவர் வாசலிலேயே நின்று, "யோவ்... யோவ்..." என்று கூப்பிட்டார்.

அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வூடுங்கம்மா. கண்ண மூடினதும் இழுத்துக்கினு போயிடுச்சு."

அவர்தான் தரகர். அதுதான் அவர் தொழில் பண்ணும் விதம். எந்த வீட்டையும் முதலில் தூங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளைக் கூட்டி வருவார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் இடுப்பில் சாவிக்கொத்தோடு கிளம்பிவிடுவார். உப்புக்காற்றில் சாவி அரித்துப்போகும் என்று அந்தக் கொத்தைத் தேங்காயெண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி வைத்திருப்பார். அவர் தொட்ட இடமெல்லாம் எண்ணெய் வாடை அடிக்கும். காலி வீட்டில் ஒரு மூலையைத் துண்டால் தட்டி, செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுப்பார். எழுந்து வந்து தீர்ப்புச் சொல்வார்.

"பின்னால மாவு மில்லு ஓடுது. நின்னாத் தெரியாது, படுத்தா எலும்புல அதிருது. வேணாம்." "இந்த வூட்ல சாயங்கால வெயிலு மூஞ்சில அடிக்குது. கைக்கொழந்த தூங்காது." "பக்கத்து வூட்டு மாமியா மருமவ சண்ட அச்சரம் விடாம கேக்குதுங்க. உங்களுக்குப் பொழுது போவும்னா எடுத்துக்குங்க."

பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்த ஒரு நெல் வியாபாரி, "உனக்குத் தரகு எதுக்குய்யா, ஒரு தலவாணி வாங்கிக் குடுத்துடறேன்" என்று கேலி செய்தார். கேலி செய்தாலும் தரகர் தூங்கி எழுந்த வீட்டைத்தான் வாங்கினார். "தூக்கம் வராத வூட்ட நான் வித்ததில்லைங்க" என்று தரகர் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. அத்தனை தூங்குகிற மனிதருக்குக் கண் மட்டும் எப்போதும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். உப்பளக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர்த் தண்ணீர் எனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் மணப்பாறைப் பக்கத்துக்காரி. முதல் நாள் காபி போட்டால் பால் திரிந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினேன். பார்த்துக்கொண்டிருந்த தரகர் திகைத்துப் போனார். "இன்னாங்கம்மா, தெருவுலயே இதான் நல்ல தண்ணி" என்றார். நான் கரிக்கிறது என்றேன். அவர் ஒரு செம்பு மொண்டு மடமடவென்று குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் முகத்தையே ஏதோ போல வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

நாங்கள் குடியிருந்தது ஓட்டு வீடு. எலி ஓடும், மழை வந்தால் அடுக்களையில் இருக்கிற பாத்திரமெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். எனக்கோ காங்கிரீட் தளம் போட்ட வீட்டின் மேல் பைத்தியம். அந்தப் பக்கத்தில் மெத்தை வீடு என்பார்கள். கடலுக்குப் போகிற பாதையில், உப்பளப் பாத்திகள் முடிகிற இடத்தில் அப்படி ஒன்று தனியாக நின்றது. அரைவட்ட முகப்பு, அன்னம் போட்ட ஜன்னல் கம்பி, மொசைக் தரை. மாடியில் ஒரு ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள், எதிர் ஜன்னலைத் திறந்தால் கடல். மெட்ராஸ்காரர் ஒருவர் கடைசிக் காலத்தில் வந்து இருக்கலாம் என்று கட்டியது. மனைவி தவறிவிட, அவர் வரவேயில்லை. விற்பனைக்கு என்று எழுதிய பலகையில் எழுத்தே வெளுத்துவிட்டது. விலையும் வருஷா வருஷம் இறங்கி, எங்களைப் போன்ற இரண்டு சம்பளக்காரர்களுக்கு எட்டுகிற இடத்துக்கு வந்திருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்ப்பேன். பாப்பாவுக்கு எந்த அறை என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

சாவி தரகரிடம்தான் இருந்தது. கேட்டால் பிடி கொடுக்கமாட்டார். ஒரு நாள், "ஓனர் மனசு மாறிட்டாருங்கம்மா" என்பார். இன்னொரு நாள், "தனி வூடு, பொம்பளைங்க பயந்துக்குவீங்க" என்பார். ஊரில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குள் ஆளில்லாத நேரத்தில் பட்டென்று ஏதோ முறிகிற சத்தம் கேட்கிறதாம். கட்டியவரின் மனைவி உலாவுகிறாளாம். எனக்குப் பேய் பயம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒழுகுகிற ஓட்டின் கீழ் இன்னொரு ஐப்பசியைக் கழிப்பதைவிடப் பேயோடு குடியிருந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. வீட்டைக் காட்டாவிட்டால் மெட்ராஸ்காரருக்கு நானே எழுதுவேன் என்று மிரட்டினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் மத்தியானம் கூட்டிப் போனார்.

பூட்டைத் திறந்துவிட்டு அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். நான் சிரித்துக்கொண்டே, "என்ன, இங்கே படுத்துப் பார்க்கலையா?" என்று கேட்டேன். அவர் கண் கூரையில் குறுக்கே ஓடிய ஒரு பழுப்புக் கோட்டை விட்டு இறங்கவேயில்லை. பாப்பா மொசைக் தரையில் செருப்பில்லாத காலால் வழுக்கி வழுக்கி விளையாடிக்கொண்டு கூடத்தின் நடுவுக்குப் போனாள். அப்போது மேலே பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. சுள்ளி ஒடிகிற அளவுதான் இருக்கும்.

"பாப்பா! அங்க நிக்காத!"

அந்த மனிதர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பாய்ந்து போய்க் குழந்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. நானும் ஓடினேன். உப்பளக் கரையில் வந்துதான் நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியது. பயம் கோபமாக மாறிவிடுகிற சுபாவம் எனக்கு.

"அந்த வீடு ஏன் விக்கலைன்னு இன்னைக்கு நீங்க சொல்லியே ஆகணும். உள்ளே என்ன இருக்கு?"

"விக்கலைன்னு யார் சொன்னதுங்கம்மா? நான்தான் விக்க வுடல."

குந்தி உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். அந்த வீடு கட்டும்போது அவர் தரகர் இல்லை. கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்த்தவர். தளம் போட நாள் குறித்தாயிற்று. மழையில் ஆற்று மணல் வண்டி வந்து சேரவில்லை.

"கடக்கர மணல அள்ளிக்கினு வந்தோம். உப்பு இருக்கும்னு தெரியாத ஆளுங்களா நாங்க? கெணத்துத் தண்ணில திரும்பத் திரும்ப அலசினோம். மேஸ்திரி ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சாரு. நானும் வச்சேன். கரிக்கலைங்கம்மா. சத்தியமாக் கரிக்கல."

"அப்புறம்?"

"தளம் போட்டு முடிஞ்ச பொறவு ஓனர் வந்தாரு. வெயில்ல வந்தவரு, அதே கெணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பினாரு. உங்கள மாதிரியேதான். கடலக் குடிச்ச மாதிரி இருக்குதுப்பான்னாரு. அப்பதான் எனக்கு ஒறச்சுது. உப்புத் தண்ணில அலசி, உப்புலயே பொறந்து வளந்த நாக்குல ருசி பாத்திருக்கோம்."

தளத்துக்கு உள்ளே இருக்கிற கம்பியை அந்த உப்பு தின்கிறது என்றார். தின்னத் தின்னத் துரு உப்பிக்கொண்டு, காங்கிரீட்டைப் பிளக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். உப்பளக் கொட்டகையில் அடித்த ஆணி எத்தனை நாள் தாங்கும் என்று அறிந்த ஊரில் இப்படிச் செய்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். தன்னை நம்பிச் சாவி கொடுத்தவரிடம் இதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்தே ஒரு குடும்பத்தை அதன் கீழ் வைக்கவும் மனம் வரவில்லை.

"எப்போ விழும்?"

"அது தெரிஞ்சா நிம்மதியா இருக்கலாமே. நாளைக்கும் விழலாம், நான் போய்ச் சேந்த பொறவும் விழலாம்."

அன்று வீட்டுக்கு வந்து எலி ஓடுகிற ஓட்டைப் பார்த்தபோது அதன் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த மாதம் அவருடைய மூத்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அழைப்புச் சொல்ல அவர் வரவில்லை. மனைவிதான் தபால் ஆபீசுக்கு வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டார். உப்பளக் கூலிக்காரர்கள் இருக்கிற தெரு அது. வரிசையாக ஓலைக் குடிசைகள். நடுவில் ஒரே ஒரு மெத்தை வீடு, தரகருடையது. அந்த அம்மா வெடிப்பு விழுந்த பாதங்களோடு நடந்து நடந்து எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஒரு பெரிய அறை, பின்னால் சார்ப்பு இறக்கின அடுக்களை, அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கவேண்டும்.

"தலச்சுமையா உப்பு தூக்கித் தூக்கிக் கட்டினதுங்க. எங்க தெருவுல காத்துக்கும் மழைக்கும் பயமில்லாத வூடு இது ஒண்ணுதான்."

பாயில் உட்கார்ந்து, இலையில் வைத்த கேசரியை வாயில் போட்டேன். தற்செயலாக நிமிர்ந்தேன். கூரையில் ஒரு பழுப்புக் கோடு குறுக்கே ஓடியது. இதே கோட்டை மெட்ராஸ்காரரின் கடலோரப் பங்களாவிலும் பார்த்திருக்கிறேன். இலையை மெல்ல நகர்த்தி வைத்தேன்.

"இது எப்போ கட்டினதும்மா?"

"அந்தப் பங்களா கட்டினப்பதாங்க. அதே மேஸ்திரி. ஓனர் தங்கமான மனுசன், மிச்ச மணலு சிமிட்டி எல்லாம் எடுத்துக்கோன்னுட்டாரு."

அறை முழுக்கப் பெண்களும் குழந்தைகளும். வளையல் சத்தம், சிரிப்பு. எனக்கு மட்டும் காது மேலேயே இருந்தது. என் மடியில் தரகரின் கடைக்குட்டி வந்து உட்கார்ந்தாள். பாப்பா வயதுதான் இருக்கும். "எங்கப்பா தூங்கவே மாட்டாரு, தெரியுமா?" என்று என்னிடம் பெருமையடித்தாள். தாய்க்காரி சிரித்தார்.

"நெசந்தாங்க. ராவுல எப்ப முழிச்சிப் பாத்தாலும் கொழந்தைங்க தலமாட்டுல குந்திக்கினு மேலயே பாத்துக்கினு இருப்பாரு. படுய்யான்னா உஷ்ண ஒடம்பும்பாரு. இந்த வூட்டுல அந்த மனுசன் கண்ணசந்து நான் பாத்ததே இல்ல."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தரகர் வேப்பமரத்தடியில் நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். காலி வீடுகளில் செங்கல்லைத் தலைக்கு வைத்து அவர் தூங்கிய தூக்கமெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் வீடுகளைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை. உலகத்தில் தூங்குவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை.

வெளியே வந்து அவரைத் தனியே இழுத்துப் போனேன். என் குரலை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

"குழந்தைங்க படுத்திருக்காங்களே, ஐயா!"

"உப்பு சொமந்து சொமந்து என் பொஞ்சாதி தலையில முடி உதுந்து போனதே இந்த வூட்டுக்காகத்தாங்கம்மா. எப்பிடிச் சொல்லுவேன்? என்னன்னு சொல்லுவேன்?"

"மழைக்கு முன்னாடி சொல்லுங்க. இல்லாட்டி நான் வந்து சொல்லுவேன்."

சொல்லிடறேன், சொல்லிடறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு தபால் கார்டு வாங்க வரும்போதெல்லாம், நான் கேட்பதற்கு முன்பே, "இந்த வாரம் சொல்லிடறேன்" என்பார். அவர் சொல்வதற்குள் புயல் முந்திக்கொண்டது.

அன்று விடிந்ததே தெரியவில்லை. பத்து மணிக்கும் விளக்கு ஏற்றவேண்டியிருந்தது. திண்டிவனத்துக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடல் இரைகிற சத்தம் தபால் ஆபீஸ் வரை கேட்டது. அந்த மழையில் தொப்பலாக நனைந்து தரகர் ஓடிவந்தார். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒரு ஒபகாரம். உங்க நாக்கு வேணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகையும் இரைப்புமாகச் சொன்னார். குடிசைகளின் ஓலை பிய்த்துக்கொண்டு போகவே, தெரு முழுவதையும் அவர் மனைவி தன் வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டாராம். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைக்குழந்தைகள் எல்லோரும் அந்தக் கூரைக்குக் கீழே.

"சொல்லிட்டேன்மா. கத்திக் கத்திச் சொல்லிட்டேன். வூடு விக்கிறவன் பேச்சுன்னு சிரிக்கிறானுங்க. மேலேருந்து சொட்டுது, ருசி பாருங்கடான்னேன். ஒரு பெரியவரு நக்கிப் பாத்துட்டு, வெறும் மழத்தண்ணிதான்றாரு. அந்த நாக்குக்குத் தெரியாதும்மா!"

என்னோடு ஆபீசில் இருந்த பாப்பாவைத் தபால்காரர் மனைவியிடம் விட்டுவிட்டு அவரோடு ஓடினேன். ஓடும்போது காற்று என்னைச் சுவரோடு சுவராகத் தள்ளியது. அந்த வாசலில் போய் நின்றபோது உள்ளே வைக்கக் கால் எழவில்லை. என் மகள் அங்கே தபால் ஆபீசில் இருக்கிறாள். நான் இங்கே செத்துப்போனால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருட்டில் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் எல்லோருக்குமாகக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கூரையின் பழுப்புக் கோடு இப்போது விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. அதிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்தி நாக்கில் வைத்தேன்.

கரித்தது. நாக்கின் அடிவரை கரித்தது.

"உப்பு!" என்று கத்தினேன். "கூரை முழுக்க உப்பு! எழுந்திருங்க, சிவன் கோயில் கல் மண்டபத்துக்குப் போயிடலாம்!"

பெரியவர் அசையவில்லை. "கடக்காத்து அடிக்குது, அம்மா மூஞ்சில சாரல் பட்டிருக்கும். இந்த மழையில கொழந்தைங்கள எங்க தூக்கினு போறது?" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தரகரின் மனைவி கஞ்சியைத் துழாவிக்கொண்டே என்னை முறைத்தார். தன் வீட்டைப் பழிக்க வந்தவளைப் பார்க்கிற பார்வை அது.

தரகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவே போனார். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தார். "போறவங்க போங்க. நம்பாதவங்க இருங்க. நானும் இருக்கேன்" என்றார். அவர் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. கண்ணை மூடவில்லை. பழுப்புச் சொட்டு ஒவ்வொன்றாக அவர் வெள்ளைப் பனியனில் விழுந்து பரவியது.

அவர் மனைவியின் கையில் அகப்பை நின்றுவிட்டது. அந்த வீட்டில் தன் புருஷன் முதுகைத் தரையில் வைத்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புருஷனைப் பார்த்தார். அவர் கண் நிலைகுத்தியிருந்த இடத்தைப் பார்த்தார். இரவிரவாக அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். அகப்பையைக் கீழே போட்டார். கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் எழுந்திருங்க" என்றார். "அந்த மனுசன் பயப்படுறாரு. வூட்ட வுட்டு வெளிய போங்க."

வீட்டுக்காரியே சொன்ன பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? பாயும் துணியுமாகத் தலையை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பிடித்தபடி கோயிலுக்குப் போனோம். தரகர் கடைசி ஆளாக வந்தார். வழியிலேயே பாப்பாவையும் கூட்டிக்கொண்டேன். கல் தூண், கல் உத்தரம், மேலே கல் பலகை. கம்பி இல்லை, மணல் இல்லை. அந்த மண்டபத்தில் வௌவால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. தரகர் ஒரு தடவை கூரையை அண்ணாந்து பார்த்தார். ஈர உடம்போடு அப்படியே கல்தரையில் சாய்ந்தார்.

அவருடைய கடைக்குட்டி போய் அவரைத் தொட்டுப் பார்த்தாள். மார்பில் கோத்த கைகள், பாதி திறந்த வாய். குழந்தையின் முகம் கோணியது.

"யம்மா, அப்பா செத்துப்போச்சா?"

"இல்லடி கண்ணு" என்று நான்தான் சொன்னேன். "தூங்குறாரு. உங்கப்பா நல்லாத் தூங்குவாரு."

அவள் நம்பாமல் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் ஈரத் தலைப்பைப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்தார்.

காற்று கொஞ்சம் தணிந்ததும், ஆட்டைத் தேடித் தெருவுக்குப் போயிருந்த ஒரு ஆள் மண்டபத்துக்குள் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "யக்கா! உன் வூடு... தளம் மொத்தமா எறங்கிடுச்சுக்கா! நாம குந்தினு இருந்த எடம்..."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா மட்டும் விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவாப் பேசு. அவரு தூங்குறாரு."